குருவின் கல் சீடனுக்குக் கிடைத்தது!

ரஷியாவின் தலைநகரம் மாஸ்கோ. அங்கே நோவோடெவிச்சி என்ற பழைய கன்னிமாடம் இருக்கிறது. அதன் மதிலை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம்.

சிறுகதை மன்னர் செகாவ் இங்கேதான் உறங்குகிறார். அவருக்கு மலர் வைக்க வருகிறவர்கள், அடுத்து ஒரு கறுப்புக் கல்லைத் தேடிப் போகிறார்கள். அதில் சிலை இல்லை, சிலுவையும் இல்லை. கரடுமுரடான பாறை, அவ்வளவுதான்!

அதன் அடியில் இருப்பவர் புல்ககோவ்.

டாக்டருக்குப் படித்தவர், எழுத்தாளர் ஆனார். சர்க்காருக்கு அவர் எழுத்து பிடிக்கவில்லை. 1929-ல் அவருடைய நாடகங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டன. பிழைப்புக்காக நாடகக் கம்பெனியில் உதவி டைரக்டர் வேலை பார்த்தார்.

அவர் குருவாக நினைத்தது கோகல் என்ற பெரிய எழுத்தாளரை. கோகல் 1852-லேயே இறந்துவிட்டவர். கஷ்டம் வந்தபோது, "உமது மேலங்கியால் என்னைப் போர்த்தும்" என்ற கருத்தில் அந்தக் குருவை வேண்டி, நண்பருக்குக் கடிதம் எழுதினார் புல்ககோவ்.

கண் போன பிறகும்...

ஒரு நாவலை அவர் பல ஆண்டுகள் ரகசியமாக எழுதினார். கடைசியில் கண் பார்வை போயிற்று. அவர் சொல்லச் சொல்ல, மனைவி எலேனா திருத்தி எழுதினார். 1940-ல் புல்ககோவ் காலமானார். நாவல் அச்சாகவில்லை.

கணவர் கல்லறைக்கு ஏற்ற கல் ஒன்றும் எலேனாவுக்குக் கிடைக்கவில்லை. ஒருநாள் கல்தச்சர் கொட்டகைக்குப் போனார். உடைந்த சலவைக்கற்களுக்கு நடுவே பெரிய கறுப்புப் பாறை ஒன்று கிடந்தது.

"இது என்ன?" என்று விசாரித்தார். கோகல் கல்லறையில் இருந்த கல் என்றார்கள்! 1931-ல் கோகலின் உடலை வேறொரு மடத்திலிருந்து இந்தத் தோட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். பழைய கல் வேண்டாத பொருளாகிவிட்டது. எலேனா அதை விலைக்கு வாங்கி, கணவர் தலைமாட்டில் வைத்தார்.

நாவலையும் அவர் விடவில்லை. பத்திரமாகப் பூட்டி வைத்துக் காத்திருந்தார். 26 ஆண்டுகள்! 1966-ல் ஒரு மாதப் பத்திரிகையில் அது வெளிவரத் தொடங்கியது. பல பகுதிகளை வெட்டித்தான் போட்டார்கள். என்றாலும் வந்துவிட்டது. 'மாஸ்டரும் மார்கரீத்தாவும்' என்ற அந்த நாவலை இன்று உலகமே படிக்கிறது.

எலேனா 1970-ல் மறைந்தார். கணவர் பக்கத்திலேயே, அதே கல்லின் அடியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

கோகலும் அதே தோட்டத்தில், சற்றுத் தள்ளித்தான் இருக்கிறார். 2009-ல் அவர் கல்லறைக்கு மறுபடி சிலுவை வைத்தார்கள். பழைய கல்லை மட்டும் சீடனிடமிருந்து யாரும் திருப்பி எடுக்கவில்லை.