டிராக் அறுந்தால் டிராக்கை மட்டும் பார்க்காதீர்கள்!



பேராக் மாநிலத்துக்கும் பால்மரத்துக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே பெரிய மரமாக நிற்கிறது. அந்த இனத்து மரங்களைச் சீவித்தான் நம் பாட்டன்மார் குடும்பம் காத்தார்கள்.

இன்று ஈப்போவைச் சுற்றியிருந்த பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்டன. ஆனாலும் ரப்பர் நம் பிள்ளைகளை விட்டபாடில்லை. கால்வாய் வெட்டவும் குழாய் புதைக்கவும் பழைய மினி எக்ஸ்கவேட்டர் ஒன்றை வாங்கி ஓட்டுகிறார்களே, அதன் காலில் சுற்றிக் கிடப்பதும் ரப்பர்தானே!

அப்பாவின் சேமநிதியும் அம்மாவின் நகையும் சேர்ந்துதான் பல வீடுகளில் அந்த இயந்திரம் வாசலுக்கு வருகிறது. டிராக் அறுந்து வேலை நின்றால் நிற்பது இயந்திரம் மட்டுமல்ல, அடுப்பும்தான். ஆகவே இதைக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம்.

டிராக்குக்குள் என்ன இருக்கிறது?

வெளியே பார்த்தால் வெறும் ரப்பர். உள்ளே எஃகுக் கம்பிகளும், இரும்புக் கட்டைகளும் வரிசையாகப் புதைந்துள்ளன. பின்பக்கத்துப் பல்சக்கரம் அந்தக் கட்டைகளைப் பிடித்து இழுப்பதால்தான் இயந்திரம் நகர்கிறது.

மேலே ரப்பர் கட்டி ஒன்றிரண்டு பெயர்ந்திருந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வெட்டுக்காயத்தில் கம்பி தெரிந்தால் கவனம்! அதன் வழியே நீரும் சேறும் புகும், கம்பி துருப்பிடிக்கும், ஒருநாள் வேலை நடுவே பட்டென்று அறும்.

காரணத்தைத் தேடுங்கள்

என்னிடம் படித்த ஒரு தம்பி, கடன் வாங்கிப் புது டிராக் போட்டார். சில மாதங்களில் அதுவும் பாழ். பட்டறைக்காரர் காட்டிய பிறகுதான் தெரிந்தது: பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்து கொக்கிபோல வளைந்திருந்தன. தேய்ந்த பல் புது டிராக்கைத் தின்றுவிட்டது.

எனவே புது டிராக் வாங்குமுன் நான்கைப் பாருங்கள். பல்சக்கரத்தின் பல் கூர்மையாகிவிட்டதா? கீழ் உருளைகள் தடையின்றிச் சுழல்கின்றனவா? முன்சக்கரம் ஆடுகிறதா? ஓட்டு மோட்டார்ப் பக்கம் எண்ணெய் கசிகிறதா? இவற்றைச் சரிசெய்யாமல் டிராக் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொண்ட கதைதான்.

அளவு கேட்டு வாங்குங்கள்

பழைய டிராக்கின் மேல் பெரும்பாலும் மூன்று எண்கள் அச்சாகியிருக்கும். 300 × 52.5 × 80 என்று இருந்தால், அகலம் 300 மில்லிமீட்டர். ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 52.5 மில்லிமீட்டர், கட்டைகள் 80. பின்னிரண்டையும் பெருக்கினால் சுற்றளவு 4,200 மில்லிமீட்டர். எண்கள் ஒன்றாக இருந்தும் உட்புற அமைப்பு வேறுபடுவது உண்டு. ஆகவே இயந்திரத்தின் மாடல் எண்ணையும் சொல்லி, பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

மாற்றும்போது உயிர் முக்கியம்

இயந்திரத்தைக் கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். கையை ஊன்றி உடலைத் தூக்கியபின், கனமான மரக்கட்டைகளை அடியில் முட்டுக் கொடுங்கள். எண்ணெய் அழுத்தத்தை நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள்.

டிராக்கை இறுக்கி வைத்திருப்பது கிரீஸின் அழுத்தம். அந்த வால்வை மிக மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முற்றிலும் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். வால்வுக்கு நேரே முகம் வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

கிரீஸ் வெளியேறி முன்சக்கரம் உள்ளே போனதும் டிராக்கைக் கழற்றலாம். புதியதை முதலில் பல்சக்கரத்திலும் பிறகு முன்சக்கரத்திலும் மாட்டி, கிரீஸ் ஏற்றி இறுக்குங்கள். தளர்ந்தால் கழன்றுவிடும், அதிகம் இறுகினால் எல்லாம் தேயும். சரியான தொய்வளவு இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும்.

இன்னொன்று. ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று ஒருபோதும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை வழியே வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். விட்டுவிட்டால் கையையே எடுக்க நேரலாம். அட்டையை நீட்டிப் பாருங்கள். எண்ணெய் உள்ளே போனால், வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேலை

கூரிய கல்மேல் நின்ற இடத்தில் திருப்பாமல், அகலமாக வளைத்து ஓட்டுவதும், மாலையில் சேற்றைக் கழுவுவதும் டிராக்கின் ஆயுளைக் கூட்டும்.

தாய்மார்களே, பால் எடை எழுதிய காலத்தைப்போல இதற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தத் தேதியில், மீட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியபோது, எந்தப் பாகம் மாற்றினார்கள், எத்தனை வெள்ளி ஆயிற்று என்று எழுதுங்கள். அடுத்த முறை பட்டறையில் ஏமாறாமல் பேச அந்த நோட்டே துணை.