நாலு டேப், ஒரு கட்டளை

இணையதளம் உருவாக்கும் நிரலாளர் காலையில் கணினியைத் திறந்ததும் வேலை தொடங்கிவிடுவதில்லை. டெர்மினல் என்னும் எழுத்துத் திரையில் ஒரு டேபில் டேட்டாபேஸ், அடுத்ததில் சர்வர், பிறகு பயனர் பார்க்கும் முகப்பு, பின்னணி வேலைகள் என ஒவ்வொன்றையும் தனிக் கட்டளை தட்டி எழுப்ப வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரே கட்டளைக்குள் கொண்டுவரும் கருவிகள் நெடுநாளாகவே உண்டு. 2007இல் வெளிவந்த டிமக்ஸ் ஒரே டெர்மினலுக்குள் பல விண்டோக்களைத் திறக்கும். எதில் எந்தக் கட்டளை ஓட வேண்டும் என்பதை அதன் துணைக் கருவியான டிமக்ஸினேட்டர் ஒரு சிறு கோப்பைப் படித்துத் தெரிந்துகொள்ளும். நேரம் மிச்சம் என்றுதான் பலரும் இதைப் பாராட்டுகிறார்கள். மிச்சமாவது சில நிமிடங்கள். அதற்காக மட்டும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். புராஜெக்ட் எப்படி எழும் என்பது மூத்தவர் ஒருவரின் நினைவில் மட்டும் இல்லாமல் எல்லோர் கைக்கும் வருகிறதே, அதுதான் பெரிய லாபம். ஒரு குறிப்பு எழுதிவைத்தால் போதாதா? போதாது. குறிப்பு பழசாகிப்போனால் யாருக்கும் தெரியாது. தினமும் ஓடும் கோப்பு பிசகினால் மறுநாள் காலையே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இப்படிக் கட்டளைகளைக் கோப்பாக எழுதும்போதுதான், மனிதர் சத்தமில்லாமல் செய்துவந்த வேலையும் வெளிப்படுகிறது. டேட்டாபேஸ் தயாராகும்வரை திரையைப் பார்த்துக் காத்திருந்தவர் அவர். கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்டுக்குக் கண் இல்லை. டேட்டாபேஸ் தயாராகுமுன் சர்வர் போய்க் கதவைத் தட்டி, இணைப்பு மறுக்கப்பட்டது என்று விழுந்துவிடும். உடனே பலர் 10 விநாடி காத்திரு என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். மெதுவான கணினியில் அது போதாது, வேகமான கணினியில் வீண். நேராகக் கேட்டுவிடுவதே சரி: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸோடு வரும் பிஜி_இஸ்ரெடி என்ற கட்டளை, இணைப்பை ஏற்கத் தயாரா என்று சொல்லிவிடும். பல சேவைகளைச் சேர்த்து எழுப்பும் டாக்கர் கம்போஸ் கருவியிலும், ஒன்றைச் சார்ந்தது மற்றொன்று என்று மட்டும் எழுதினால் முதலாவது தொடங்கியதும் அடுத்தது கிளம்பிவிடும். நலமாக இருக்கிறதா என்ற சோதனையையும் சேர்த்தாக வேண்டும்.

எல்லாம் தானாக நடந்தால் புதியவர் உள்ளே நடப்பதைக் கற்கமாட்டார் என்பது அடுத்த ஆட்சேபம். எல்லாவற்றையும் பின்னணியில் ஒளித்து ஓட்டினால் அது நியாயமே. வேலைக்கொரு டேப் கொடுத்தால் எது விழுந்தது, என்ன பிழை என்பது கண்முன் நிற்கும். கோப்பைத் திறந்து படிக்கவும் தடையில்லை. பாதுகாப்புக் கவலைக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன். ஃபோல்டரைத் திறந்த மாத்திரத்தில் கட்டளை ஓடும்படி, நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் அமைக்கலாம்; அந்த ஃபோல்டர் முன்பின் தெரியாதவர் அனுப்பியதாக இருந்தால் அவர் எழுதிய கட்டளை நம் கணினியில் ஓடும். ஃபோல்டரில் உள்ள கோப்புகளை எழுதியவரை நம்புகிறீர்களா என்று அந்த மென்பொருள் 2021 முதல் கேட்பது இதனால்தான். ஆகவே அந்த ஒரு கட்டளையையாவது, கோப்பைப் படித்துப் பார்த்தபின், நம் கையாலேயே தட்டுவோம்.