சில்லர் இயந்திரமும் மூன்று வளையிகளும்

பெரிய வைத்தியசாலை, ஹோட்டல் போன்ற கட்டடங்களைக் குளிர்விப்பது நம் வீட்டு ஏசி போன்ற சிறு பெட்டி அல்ல. 'சில்லர்' எனப்படும் பெரிய இயந்திரம் நீரை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து, குழாய் வழியே கட்டடமெங்கும் அனுப்புகிறது. அங்கிருந்து அள்ளிய வெப்பத்தை இன்னொரு நீரோட்டம் மொட்டைமாடிக் கூலிங் டவருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விடுகிறது.

எந்த சில்லரை வாங்குவது என்பதைக் கட்டடம் எழும்ப முன்பே தீர்மானிக்க வேண்டும். வாங்கினால் இருபது வருடமாவது அதோடுதான் காலம். அதனால் பொறியியலாளர்கள் எனர்ஜிபிளஸ் போன்ற மென்பொருளில் கட்டடத்தை அமைத்து, வருடத்தின் 8760 மணித்தியாலங்களையும் கணனியில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். பொறியியல் பீடத்தில் படிக்கும் என் நானா இதைச் செய்வதைப் பார்த்தபோதுதான், இணைந்த கணிதத்தில் நாம் மல்லுக்கட்டும் இருபடிச் சார்பு அங்கே இருப்பதைக் கண்டேன்.

சில்லரின் மேல் எழுதியிருக்கும் வலு, முழுச் சுமையில், ஒரே வெப்பநிலையில் அளந்தது. அதை மற்ற மணித்தியாலங்களுக்குத் திருத்த மூன்று வளையிகள் வேண்டும். முதலாவது, இரு நீரோட்டங்களின் வெப்பநிலை மாறும்போது இயந்திரத்தின் கொள்ளளவு எப்படி மாறுகிறது என்கிறது. இரண்டாவது, அதே மாற்றத்தால் ஓர் அலகு குளிருக்கான மின்செலவு எப்படி மாறுகிறது என்கிறது. மூன்றாவது, சுமை குறையும்போது மின்செலவு எவ்வளவு குறைகிறது என்கிறது. மூன்றையும் குறிப்பிட்ட வலுவோடு பெருக்கினால் அந்த மணித்தியாலத்தின் வலு கிடைக்கும்.

மூன்றாவது வளையிக்கு ஓர் எடுத்துக்காட்டு, எண்கள் நான் எடுத்துக்கொண்டவை: y = 0.2 + 0.3x + 0.5x². இங்கே x சுமையின் பங்கு, y வலுவின் பங்கு. x = 1 எனில் y = 1. அரைச் சுமையில் y = 0.475, கொஞ்சம் இலாபம். கால் சுமையில் y = 0.306, 25 வீதக் குளிருக்கு 31 வீத மின்சாரம், நட்டம். மிகச் சிக்கனமான சுமை எது? y/x ஐ வகையிட்டால் 63 வீதம் என்று வரும். (பரீட்சையில் கேட்டாலும் கேட்பார்கள், செய்து பாருங்கள்.)

குணகங்களைக் கண்டுபிடிப்பது உற்பத்தியாளரின் அட்டவணையிலிருந்து. முதலிரண்டு வளையிகளிலும் இரண்டு மாறிகள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஆறு குணகங்கள். ஆறு புள்ளிகள் போதும் என்று தோன்றும். ஆனால் எல்லாம் ஒரே கூலிங் டவர் வெப்பநிலையில் அளந்தவையானால் சமன்பாடுகள் தீராது. பரவலான பல புள்ளிகளை எடுத்து இழிவு வர்க்க முறையில் பொருத்துவார்கள்.

உண்மையான பொறி மூன்றாவது வளையியில்தான். அமெரிக்காவின் ஏ.எச்.ஆர்.ஐ. நியமப்படி பகுதிச் சுமையை அளக்கும்போது டவரிலிருந்து வரும் நீரையும் குளிர்விக்கிறார்கள்: முழுச் சுமைக்கு 29.4 பாகை, அரைச் சுமைக்கு 18.3 பாகை. அந்த நீர் ஒரு பாகை குளிர்ந்தால் மின்செலவு இரண்டு மூன்று வீதம் குறைவது வழமை. 11 பாகைக்கு ஏறத்தாழ கால்வாசி! அந்த எண்களை அப்படியே வளையியாக்கினால், குளிர்ந்த நீர் தந்த இலாபமெல்லாம் குறைந்த சுமையின் கணக்கில் போய்ச் சேரும். கூலிங் டவரோ ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே நீரைக் குளிர்விக்காது. கொழும்பில் அது பெரும்பாலும் 24, 25 பாகையளவில் நிற்கிறது. இங்கே 18 பாகை நீருக்கு எங்கே போவது? கணனி சொன்ன சேமிப்பு மின்பட்டியலில் வராது.

ஆகவே முதலிரண்டு வளையிகளை முழுச் சுமை அட்டவணையில் இருந்து முதலில் கண்டு, பகுதிச் சுமைத் தரவு ஒவ்வொன்றையும் அவற்றால் வகுக்க வேண்டும். மிஞ்சுவதுதான் சுமையின் பங்கு. நானா அதோடு நிற்பதில்லை. உற்பத்தியாளரிடம் 28, 30, 32 பாகையில் தனித்தனி அட்டவணை கேட்டு எழுதுகிறார், வளையியின் மேல் புள்ளிகளைக் குறித்து எது விலகி நிற்கிறது என்று கண்ணால் பார்க்கிறார், அளந்த எல்லைக்கு வெளியே வளையியை நீட்ட விடுவதேயில்லை.