நாளையை அறியாத எழுத்து

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி பிறந்தவுடனே பாங்குக்காரர்களும், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளும், ஜவுளிக் கடைக்காரர்களும் வாரி வழங்கும் டைரிகள் என்ன கதியை அடைகின்றன என்பதை எவரேனும் ஆராய்ந்து எழுதுவாரானால், மனித சங்கல்பத்தின் ஆயுட்காலத்தைப் பற்றி அருமையான நூல் ஒன்று நமக்குக் கிடைக்கும். முதற் பக்கத்தில் பெயரும் விலாசமும் மணிமணியான கையெழுத்தில் ஏறும். பொங்கல் வரையில் தினந்தோறும் ஒரு பக்கம் நிறையும். மாசி பிறப்பதற்குள் பால் கணக்கும் சலவைக் கணக்கும் அங்கே குடியேறிவிடும். சித்திரையில் குழந்தைகள் படம் போடுவதற்கு அது உபயோகப்படும். இதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. அந்தப் பால் கணக்கைப் பற்றிப் பின்னால் நல்ல வார்த்தை சில சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் சங்கல்பத்தை ஏறக்குறைய இருபத்தைந்து வருஷ காலம் கைவிடாத ஒருவர் நம்மிடையே இருந்தார். 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்து, தகப்பனார் திருவேங்கடம் பிள்ளையோடு இளமையிலேயே புதுச்சேரிக்குக் குடியேறி, பாக்கும் துணியும் வியாபாரம் செய்து, பிரெஞ்சுக் கும்பெனியாரின் நம்பிக்கைக்குப் பாத்திரமாகி, 1746இல் கனகராய முதலியார் காலமான பிறகு தலைமைத் துபாஷ் என்னும் பெரும் பதவியையும் எய்திய ஆனந்தரங்கப் பிள்ளையே அவர். கவர்னர் பேசுவதை நம்மவர்க்கும் நம்மவர் பேசுவதைக் கவர்னருக்கும் எடுத்துச் சொல்வதோடு அந்த உத்தியோகம் முடிந்துவிடுவதில்லை. நவாபுகளிடமிருந்து வரும் கடிதங்களுக்கு என்ன பதில் எழுதலாம் என்று யோசனை கூறுவதும், நெசவாளரிடமிருந்து கும்பெனிக்குத் துணி சேர்ப்பதும், ஊரில் ஜாதி வழக்கு மூண்டால் இரு கட்சியாரையும் அழைத்துச் சமாதானம் செய்விப்பதும் அதற்குள் அடங்கியவையே. இத்தனை வேலைகளுக்கு இடையில் 1736 முதல் 1761 வரை அவர் தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதி வந்தார்.

அதிலே என்ன இருக்கிறது என்று கேட்டால், என்ன இல்லை என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். துறைமுகத்துக்கு வந்த கப்பலின் பெயர், அது எந்த ஊரிலிருந்து வந்தது, அதற்கு எத்தனை பீரங்கி மரியாதை நடந்தது. சோதிடர் சொன்ன பலன். தம்முடைய பாக்குக் கிடங்கில் உட்கார்ந்திருந்தபோது யார் யார் வந்தார்கள், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள். கவர்னர் துய்ப்ளெக்ஸ் அன்றைக்கு எந்த மனோநிலையில் இருந்தார், அவருடைய மனைவியார் எந்தக் காரியத்தில் தலையிட்டார் என்பன போன்ற விவரங்கள், பிரெஞ்சும் பாரசீகமும் தெலுங்கும் கலந்த பேச்சுத் தமிழிலே, இலக்கணத்தைச் சிறிதும் லட்சியம் செய்யாமல் ஓடுகின்றன. புலவர்கள் அவரைப் பாட்டுடைத் தலைவராக்கி ‘ஆனந்தரங்கன் கோவை’ போன்ற நூல்களை இயற்றினார்கள். அவற்றில் காணப்படும் ஆனந்தரங்கர் எல்லாக் கோவைகளிலும் வரும் தலைவரைப் போன்றவர். மூக்கும் முழியும் உள்ள மனிதரைக் காண விரும்புகிறவர்கள் குறிப்பைத்தான் புரட்ட வேண்டும்.

சரித்திரப் பெரியார் என்ற முறையில் அவரைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் மனிதனுக்கு எதைக் கற்றுக் கொடுக்கிறது என்பதே நான் எடுத்துக்கொண்ட விஷயம். அதற்கு அவரைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் எனக்குத் தென்படவில்லை.

1746 செப்டம்பரில் லபூர்தொனே என்னும் கடற்படைத் தலைவர் சென்னைக் கோட்டையைப் பிடித்தபோது, புதுச்சேரியில் உண்டான ஆரவாரத்தை ஆனந்தரங்கர் எழுதியிருக்கிறார். இனிமேல் இந்தத் தேசத்தில் பிரெஞ்சுக்காரருக்கு நிகர் யாரும் இல்லை என்ற எண்ணம் ஊரெங்கும் பரவியிருந்த சமயம் அது. ஆயினும் மூன்றாண்டுகளுக்குள் சென்னை மறுபடியும் ஆங்கிலேயர் வசமாகும் என்பதும், துய்ப்ளெக்ஸ் 1754இல் பதவியிழந்து கப்பலேறுவார் என்பதும், இரண்டு வருஷங்கள் கழித்துத் தம்முடைய துபாஷ் பதவியும் பறிபோகும் என்பதும், 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடையும் என்பதும், அதற்குச் சில தினங்களுக்கு முன்னதாகவே தம் மூச்சு அடங்கிவிடும் என்பதும் அதை எழுதிய கைக்குத் தெரியாது. இவை யாவும் நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமலிருந்த காரணத்தினாலேயே அந்தப் பக்கங்கள் நமக்குப் பொக்கிஷமாகின்றன.

சுயசரிதை எழுதுகிறவருடைய நிலைமை வேறு. உ. வே. சாமிநாதையர் எண்பத்தைந்து வயதை ஒட்டி, 1940 முதல் 1942 வரை ‘ஆனந்த விகடன்’ பத்திரிகையில் ‘என் சரித்திர’த்தை எழுதி வந்தபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் பாடம் கேட்கச் சென்ற நாள் தம் வாழ்வில் எத்தகைய நாள் என்பதை அவர் பூரணமாக அறிந்திருந்தார், ஆகவே அந்த நாளுக்கு உரிய ஒளி அந்தப் பக்கங்களில் விழுகிறது. அது குறையன்று, அந்த நூலின் பெருமைக்கே அதுதான் காரணம். ஆனால் அன்றிரவே ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்குமானால், அதில் நடந்து வந்த களைப்பும், இரவுச் சாப்பாடு எங்கே என்ற கவலையும் குருதரிசனத்துக்குச் சமமான இடத்தைப் பெற்றிருக்கலாம். சரிதை எழுதுகிறவர் விளைவிலிருந்து பின்னோக்கி வருகிறார்; குறிப்பு எழுதுகிறவர் இருட்டிலே முன்னோக்கி நடக்கிறார்.

இருட்டிலே நடப்பவருக்கு எது பெரிது, எது சிறிது என்பது புலப்படாது. பதினாறாம் லூயி மன்னர் 1789 ஜூலை 14ஆம் தேதிக்கு எதிரே ‘ஒன்றுமில்லை’ என்று குறித்து வைத்ததை எல்லாரும் எடுத்துக்காட்டிச் சிரிப்பதுண்டு. பாரிஸ் ஜனங்கள் பாஸ்டில் சிறையைத் தகர்த்த தினம் அது. அவர் எழுதியது வேட்டைக் கணக்கு என்பதையும், அன்று வேட்டையில் ஒன்றும் அகப்படவில்லை என்பதே அதன் தாற்பரியம் என்பதையும் சிரிப்பவர்கள் சொல்வதில்லை. லண்டனில் கடற்படை இலாகாவில் உத்தியோகம் பார்த்து, 1660 முதல் 1669 வரை பிரசித்தி பெற்ற நாட்குறிப்பை எழுதிய சாமுவேல் பெப்பிஸ் என்பவரை, 1666 செப்டம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் வேலைக்காரி எழுப்பி, எங்கோ நெருப்புப் பிடித்திருக்கிறது என்றாள். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, வெகு தூரத்தில்தானே என்று மறுபடியும் படுத்துத் தூங்கிவிட்டார். அந்த நகரத்தின் பெரும் பகுதியைச் சாம்பலாக்கிய நெருப்பு அதுவேதான். பின்னர் அந்தத் தினத்தை எழுதியபோது, தாம் தூங்கப்போனதை அவர் மறைக்கவில்லை. தீ நெருங்கியபோது தோட்டத்தில் குழி தோண்டித் தம்முடைய திராட்சை மதுவையும் பார்மீசான் பாலாடைக் கட்டியையும் புதைத்து வைத்ததையும் விடவில்லை. தீ விபத்தைப் பற்றி எத்தனையோ சரித்திரங்கள் இருக்க, அந்தப் பாலாடைக் கட்டியே ஜனங்களின் ஞாபகத்தில் நிலைத்திருக்கிறது.

இதிலிருந்து எனக்கு ஏற்பட்ட முதல் அபிப்பிராயம், நாட்குறிப்பில் தீர்ப்புகளைக் குறைத்து விவரங்களைப் பெருக்க வேண்டும் என்பது. அன்றைய மனத்தாங்கலையும் ஆவேசத்தையும் பக்கம் பக்கமாகக் கொட்டி வைப்பது அப்போதைக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் வருஷங்கள் கழித்துப் படிக்கும்போது, நெருங்கிய சிநேகிதர் ஒருவரிடம் நமக்கு உண்டான கோபத்தின் உக்கிரம் தெரியுமே தவிர, அவர் என்ன சொன்னார் என்பது அகப்படாது. ஆனந்தரங்கர் இதில் கெட்டிக்காரர். அவரும் கோபப்படுவார், ஆயினும் அவர் இன்னது கேட்டார், நான் இன்னது சொன்னேன் என்று சம்பாஷணையாகவே எழுதிச் செல்வார். அந்தச் சம்பாஷணைகளில் பெரும்பாலும் அவருடைய பதிலே சாதுரியமாக அமைந்துவிடுவதையும், கவர்னரே அதைக் கேட்டு வியப்பதையும் காணும்போது வாசகருக்குச் சற்றே சந்தேகம் எழுவது சகஜம். அப்படித் தம்மை உயர்த்திக்கொள்வதும் ஒரு மனிதரை அறிவதற்கு உதவும் சாட்சியமேயல்லவா?

பால் கணக்குக்கு இப்போது வருகிறேன். என்னுடைய பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், நான் சிரமப்பட்டு எழுதிய சிந்தனைகளை எளிதில் கடந்துவிட முடிகிறது. தக்காளி விலை, கிணற்றில் எத்தனை உறை தண்ணீர் இருந்தது என்ற குறிப்பு, காலமாகிவிட்ட பெரியப்பா ஒருவர் கல்யாணப் பந்தியில் ரசத்தைப் பற்றிச் சொன்ன வாக்கியம் ஆகியவற்றைக் கடக்க முடிவதில்லை. சிந்தனைகளை வேறு எவரும் எழுதியிருக்கக்கூடும். அந்த வருஷத்து ஐப்பசியில் எங்கள் தெருக் கிணற்றை எட்டிப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டாவது விஷயம், யாருக்காக எழுதுகிறோம் என்பது. இது வெகு சிக்கலானது; ஏனெனில் தனக்காக மாத்திரமே எழுதுகிறேன் என்று சொல்பவனுடைய தோளுக்குப் பின்னாலும் ஒருவர் நின்று படித்துக்கொண்டிருப்பதாக அவனுக்கே தோன்றும். பெப்பிஸ் சுருக்கெழுத்தில் எழுதினார். ரகசியமான இடங்களில் அந்நிய பாஷைச் சொற்களையும் கலந்தார். ஆனால் அந்த ஆறு சம்புடங்களையும் நேர்த்தியாகப் பைண்டு செய்து தம் புத்தகசாலையோடு சேர்த்துக் கேம்பிரிட்ஜில் தாம் படித்த கல்லூரிக்கே போகும்படி ஏற்பாடு செய்துவிட்டார். ஜான் ஸ்மித் என்னும் மாணவர் 1819 முதல் மூன்று வருஷ காலம் கண் நோக உழைத்து அவ்வெழுத்தைப் படித்தார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்பிக்கும் புத்தகமோ அதே புத்தகசாலையின் அலமாரியில் இருந்தது. படிக்கக் கூடாது என்றும் படிக்க வேண்டும் என்றும் ஒரே மனிதர் ஏககாலத்தில் ஆசைப்பட்டிருக்கிறார்.

டால்ஸ்டாயின் விஷயம் இன்னும் துக்ககரமானது. 1862இல் கல்யாணத்துக்குச் சற்று முன்பு, முப்பத்து நாலு வயதான அவர், பதினெட்டு வயதான மணமகள் சோஃபியாவிடம் தம் பழைய நாட்குறிப்புகளைக் கொடுத்துப் படிக்கச் செய்தார். தம் வாலிபப் பருவத்தின் ஒழுக்கக் கேடுகள் யாவும் அவற்றில் இருந்தன. நேர்மை என்று அவர் எண்ணியது அந்தப் பெண்ணின் மனத்தில் ஆயுள் பரியந்தம் ஆறாத புண்ணாயிற்று. பிற்காலத்தில் தம்பதிகள் இருவரும் நாட்குறிப்பு எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார். ஆகவே பேச வேண்டியதைப் பேசாமல் எழுதிக்காட்டும் ஒரு விசித்திரமான யுத்தம் அந்த வீட்டில் நடந்தது. கடைசியில் 1910இல் அவர் தமக்கு மாத்திரம் என்று ஒரு ரகசியக் குறிப்பைத் தொடங்கிப் பூட்ஸுக்குள் ஒளித்து வைத்தார். அதையும் அம்மாள் கண்டுபிடித்துவிட்டார். நேர்மையென்று கருதி வீட்டாரிடம் நாட்குறிப்பை நீட்டுவது சரியா என்று என்னைக் கேட்பவர்களுக்கு இந்த ஒரு குடும்பத்தின் கதையையே சொல்வது வழக்கம்.

ஆனால் வாசகர் உண்டு என்ற நினைப்பு எப்போதும் எழுத்தைக் கெடுத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு மறைந்து வாழ்ந்த ஆன் ஃபிராங்க் என்னும் சிறுமி, யுத்தகாலத்து ஜனங்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பிற்காலத்தில் சேகரிக்கப் போவதாக 1944 மார்ச்சில் லண்டன் ரேடியோவில் டச்சு மந்திரி ஒருவர் பேசியதைக் கேட்டாள். அதன் பிறகு, தான் முன்பு எழுதியவற்றை எல்லாம் எடுத்துத் தளர்ந்த இடங்களைச் சுருக்கி, விளங்காத இடங்களை விரித்து, ஒரு நூலாக மறுபடி எழுதத் தொடங்கினாள். அவள் இயல்பான எழுத்தாளி. அச்சில் ஏறும் என்ற நம்பிக்கை அவளுடைய நடையைத் தீட்டியதே தவிர மழுக்கவில்லை. ஆகஸ்டு 4ஆம் தேதி எல்லாரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். உயிர் தப்பிய தகப்பனார் 1947இல் அந்நூலை வெளியிட்டார்.

ஆனந்தரங்கர் யாரை நினைத்து எழுதினார்? கவர்னரின் மனைவியாரைப் பற்றி அவர் எழுதியிருக்கும் கடுமையான வார்த்தைகள் வெளியே தெரிந்திருந்தால் உத்தியோகம் ஒரு நாள் தங்கியிராது. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பற்றித் தம் துக்கத்தை அவர் சாவடியில் உரக்கச் சொல்லியிருக்க முடியாது. ஏட்டிலே சொல்ல முடிந்தது. பிறர் கேட்க முடியாததைச் சொல்வதற்கு மனிதனுக்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது என்பதற்கு மேலாக நான் இதில் ஊகம் செய்ய விரும்பவில்லை.

அவர் எழுதியவை வீட்டிலேயே தங்கி, 1846இல்தான் காலுவா மோன்பிரேன் என்பவர் கண்ணில் பட்டன. பிறகு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது 1948இல். தமிழில் எழுதப்பட்ட நூலைத் தமிழர் மற்றவர்களுக்குப் பின்னால் படிக்க நேர்ந்ததைப் பற்றி வருத்தப்படுவதா, படிக்கக் கிடைத்ததே என்று திருப்திப்படுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பிரபஞ்சன் அதிலிருந்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் இரண்டு நாவல்களை உருவாக்கினார். ஆனந்தரங்கரின் பழக்கமும் ஊரில் தொற்றிக்கொண்டது. இரண்டாம் வீராநாயக்கர் என்பவர் 1778 முதல் 1792 வரை எழுதிய குறிப்பும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

நாட்குறிப்பு எழுதத் தொடங்க விரும்பும் வாலிபர்களுக்கு நான் சொல்வது சொற்பமே. அன்றன்றைக்கு எழுதிவிடுவது உத்தமம். இயலாவிட்டால் பெப்பிஸ் செய்ததைப் போலத் துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது விரித்து எழுதலாம். விட்டுப்போன நாட்களுக்காக வருந்திப் புத்தகத்தையே மூடிவிட வேண்டாம். ஆனந்தரங்கரின் குறிப்பிலும் இடைவெளிகள் உண்டு. அவரைப் படிக்க ஆவல் கொள்பவர்கள் முதல் பாகத்திலிருந்து தொடங்கினால் கப்பல் கணக்கிலேயே களைத்துப் போகக்கூடும். 1746ஆம் வருஷத்தில் நுழைந்து, சென்னை பிடிபட்ட கதையோடு ஆரம்பித்து, ஆட்களின் பெயர்களும் பேச்சும் பழகிய பிறகு முன் வருஷங்களுக்குத் திரும்பிச் செல்வது சுலபம்.