ஐந்து வினாடிதானா என்று கேட்போருக்கு!

"ஐந்து வினாடி எரிந்ததாம், அதற்கா இத்தனை ஆரவாரம்?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. 2016 ஆகஸ்ட் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ராக்கெட்டில் இரண்டு ஸ்கிராம்ஜெட் இயந்திரங்கள் எரிந்தது ஐந்து வினாடிதான். ஆனால் அந்த ஐந்து வினாடிக்காக அடக்கியாள வேண்டியிருந்த வாய் எப்படிப்பட்டது தெரியுமா, தோழர்களே?

சாதாரண ராக்கெட் எரிபொருளை மட்டுமா சுமக்கிறது? அதை எரிக்கும் பிராணவாயுவையும் சேர்த்தே சுமக்கிறது. சுமையில் பெரும்பங்கு அதுதான்! ஸ்கிராம்ஜெட்டோ வழியிலுள்ள காற்றையே உண்டு ஓடுகிறது. சுமை குறைந்தால் செலவும் குறையும் என்பது நம்பிக்கை.

உண்பது எளிதா? ஒலியைப் போல் ஆறு மடங்கு வேகம்! வினாடிக்கு ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர்! காற்றை அமுக்கித் தர உள்ளே சுழலும் விசிறி கிடையாது. சாய்ந்த முகப்பில் எழும் அதிர்ச்சி அலைகளே அமுக்கித் தருகின்றன. காற்றை முழுதும் நிறுத்தினால் அதன் சூடு 1,300 டிகிரியைத் தாண்டும். அடக்காமல் விட்டாலோ தீ நிலைக்காது.

வெம்பாக்கத்து நெசவாளத் தோழருக்கு இது விளங்கும். பாவு விறைத்தால் இழை அறும். தளர்ந்தால் நெசவு கெடும். இங்கும் அதே கணக்கு. எரியறையில் அழுத்தம் மிகுந்தால் அதிர்ச்சி அலை வாய்க்கு வெளியே தள்ளப்படும், உள்ளே வரும் காற்று குறையும், இயந்திரம் திணறும். 2011 ஜூன் 13 அன்று அமெரிக்காவின் எக்ஸ்-51 தோற்றது இப்படித்தான். பணத்துக்கா அங்கே பஞ்சம்? ஆகவேதான் அழுத்தத்தை அளந்து எரிபொருளை விடுகிறார்கள். வாயின் உதட்டை நகர்த்திப் பார்க்கிறார்கள். சுவரோரம் மந்தமாகும் காற்றைச் சிறு துளைகளில் வடிக்கிறார்கள்.

2020 செப்டம்பர் 7 அன்று ஒடிசாக் கரையோரம், அப்துல் கலாம் பெயர் தாங்கிய தீவில் இன்னொரு சோதனை. வாய் திறந்தது, 20 வினாடிக்கு மேல் எரிந்தது! 2025 ஏப்ரல் 25 அன்று ஹைதராபாத்தில், தரைச் சோதனையில் எரியறை 1,000 வினாடியைத் தாண்டியது. வாய்க்கு இறுதிப் பரீட்சை வானில்தான்.

ஒன்றை மறைப்பானேன்? இந்த இயந்திரம் செயற்கைக்கோளையும் ஏற்றும்; ஏவுகணையையும் ஓட்டும். 2020 சோதனையை நடத்தியது இராணுவ ஆராய்ச்சி நிறுவனம். நாளை இது எதைச் சுமக்கும் என்று கேட்க, வரி கொடுக்கும் பாட்டாளிக்கு உரிமை உண்டு. ஆனால் எள்ளி நகையாடுவது கேள்வியாகாது. அறிந்து கேட்போம், உரக்கக் கேட்போம்!