மெனு எங்கே போனது? ரிப்பனைப் பழகச் சில எளிய வழிகள்

அலுவலகத்தில் பல ஆண்டுகள் பழைய வேர்ட் தொகுப்பில் பணியாற்றியவர்கள், ஓய்வு பெற்ற பின் வீட்டிற்கென ஒரு கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். ஆர்வத்தோடு வேர்ட் புரோகிராமைத் திறந்தவுடன் திகைத்துப் போகிறார்கள். "பைல், எடிட், வியூ என்று வரிசையாக மெனு இருக்குமே, அதைக் காணோம். நான் எதையாவது தொட்டுக் கெடுத்துவிட்டேனா? இந்த வயதில் இதெல்லாம் எனக்கு இனி வராதா?" என்று என்னிடம் கேட்பவர்கள் இன்றும் உண்டு. பழைய பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கற்கும் இளைஞர்களுக்கும் இதே குழப்பம்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. உங்கள் அனுபவமும் வீணாகவில்லை. கட்டளைகள் அனைத்தும் உள்ளேயே இருக்கின்றன. அவை இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

ஏன் மாற்றினார்கள்?

2007ஆம் ஆண்டு ஜனவரியில் விற்பனைக்கு வந்த ஆபீஸ் 2007 தொகுப்பில்தான் மைக்ரோசாப்ட் நிறுவனம் மெனுக்களை எடுத்துவிட்டு, ரிப்பன் என்ற பட்டையான அமைப்பைக் கொண்டு வந்தது. இதற்குக் காரணம் இருந்தது. வேர்டின் முதல் பதிப்பில் சுமார் 100 கட்டளைகள்தான். வேர்ட் 2003ல் அது 1,500ஐத் தாண்டிவிட்டது. டூல் பார்கள் மட்டும் சுமார் 30 இருந்தன. இத்தனையையும் மெனுவிற்குள் அடுக்கினால் தேடி எடுப்பது எப்படி? ஆபீஸ் 2000ல், அதிகம் பயன்படுத்தாத கட்டளைகளை மெனு தானாகவே மறைத்து வைக்கும்படி செய்து பார்த்தார்கள். நேற்று இருந்த கட்டளை இன்று கண்ணில் படாததால் குழப்பம்தான் கூடியது.

ரிப்பன் வடிவமைப்பில் முன்னணியில் இருந்த ஜென்சன் ஹாரிஸ், இதன் பின்னணியை விரிவாக எழுதியிருக்கிறார். ஏற்கனவே ஆபீசில் இருக்கும் வசதிகளையே புதிதாகச் சேர்க்கச் சொல்லி மக்கள் கேட்டார்களாம். வேர்ட் 2003ல் பேஸ்ட், சேவ், காப்பி, அன்டூ, போல்ட் என்ற ஐந்து கட்டளைகளே மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பிடித்திருந்தன. மற்றவை கண்ணில் பட வேண்டும் என்பதே ரிப்பனின் நோக்கம்.

அப்படியானால் எரிச்சல் ஏன்? மெனு பழகியவர்கள் கட்டளையைப் படித்துத் தேடுவதில்லை. கை தானாக அந்த இடத்திற்குப் போகும். சமையலறையில் உப்பு டப்பாவை யாரோ இடம் மாற்றி வைத்தது போலத்தான் இது. புதிதாக வந்தவர் தேடி எடுத்துக்கொள்வார். அங்கேயே சமைத்துப் பழகியவர்தான் தடுமாறுவார். எனவே இது திறமைக் குறைவு அல்ல. பழக்கம் படுத்தும் பாடு.

எது எங்கே இருக்கிறது?

ரிப்பனில் மேலே இருப்பவை டேப்கள். ஒவ்வொரு டேப்பிலும் கட்டளைகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எழுத்தை அழகுபடுத்த ஹோம், பக்கத்தில் எதையாவது சேர்க்க இன்சர்ட், தாளின் அளவையும் ஓரத்தையும் மாற்ற லே அவுட் எனச் செய்ய வேண்டிய வேலையை வைத்துத் தேடிப் பாருங்கள்.

பழைய டேபிள் மெனுவில் இருந்த அட்டவணையும், வியூ மெனுவில் இருந்த ஹெடர் அன்ட் புட்டரும் இப்போது இன்சர்ட் டேப்பில் உள்ளன. பைல் மெனுவில் இருந்த பேஜ் செட்டப், லே அவுட் டேப்பிற்கு வந்துவிட்டது. 2007ல் இந்த டேப்பின் பெயர் பேஜ் லே அவுட். மெயில் மெர்ஜ் வசதிக்கு மெயிலிங்ஸ் என்று தனி டேப்பே உண்டு.

சில டேப்கள் தேவைப்படும்போது மட்டுமே தோன்றும். படத்தை வைத்துவிட்டு, அதைத் திருத்தும் கட்டளைகள் எங்கே என்று தேட வேண்டாம். படத்தின் மீது ஒரு முறை கிளிக் செய்திடுங்கள். அதற்கான டேப் மேலே வந்துவிடும். குழுக்களின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய அம்புக்குறியைக் கிளிக் செய்தால், பழைய டயலாக் பாக்ஸ் அப்படியே திறக்கும்.

ரிப்பன் முழுவதும் மறைந்து, டேப் பெயர்கள் மட்டும் தெரிகின்றனவா? ஏதாவது ஒரு டேப்பின் பெயரில் டபுள் கிளிக் செய்திடவும். அல்லது கண்ட்ரோல் + எப் 1 அழுத்தவும். விண்டோ சிறியதாக இருந்தால் ஐகான்களும் சுருங்கி ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிந்துகொள்ளும். எனவே விண்டோவைப் பெரிதாக்கிவிட்டுத் தேடுங்கள்.

இடத்தை விட்டுப் பெயரைப் பிடியுங்கள்

புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நான் ஒரு கட்டளையை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அச்சிடும் முன் பார்க்கும் பிரிண்ட் பிரிவியூ, 2003ல் பைல் மெனுவில் இருந்தது. 2007ல் பைல் மெனுவே இல்லை. அதனிடத்தில் இருந்த வட்டமான ஆபீஸ் பட்டனை அழுத்தி, பிரிண்ட் சென்று பெற வேண்டியிருந்தது. ஆபீஸ் 2010ல் பைல் என்ற பெயர் திரும்பி வந்தது. பிரிவியூ அங்கே பிரிண்ட் பக்கத்திலேயே சேர்ந்துகொண்டது. இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்தாலும், கண்ட்ரோல் + பி அழுத்தினால் அன்றும் அச்சு, இன்றும் அச்சு.

ஆகவே ஷார்ட்கட் கீகளைப் பழகுங்கள். சேவ் செய்ய கண்ட்ரோல் + எஸ், வேறு பெயரில் சேவ் செய்ய எப் 12, எழுத்துப் பிழை பார்க்க எப் 7, ஒரு சொல்லை மாற்றி அமைக்க கண்ட்ரோல் + எச். ஒரு தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். ஆல்ட் கீயை ஒரு முறை அழுத்தினால், ஒவ்வொரு டேப்பிற்கும் உரிய எழுத்து ரிப்பன் மீதே காட்டப்படும்.

கட்டளையின் பெயர் தெரிந்து இடம் தெரியவில்லையா? ஆபீஸ் 2016 முதல் இதற்கென்றே தேடல் கட்டம் இருக்கிறது. ஆல்ட் + கியூ அழுத்திப் பெயரை டைப் செய்தால், கட்டளையே உங்களிடம் வந்து நிற்கும்.

அடிக்கடி தேவைப்படும் கட்டளை மீது ரைட் கிளிக் செய்து, அதனைக் குவிக் அக்செஸ் டூல் பாரில் சேர்க்கும்படி கட்டளை கொடுங்கள். பத்துக் கட்டளைகளைச் சேர்த்துவிட்டால், உங்கள் பழைய டூல் பார் திரும்பக் கிடைத்தது போல இருக்கும். 2010 முதல் ரிப்பனையே நம் விருப்பப்படி மாற்றி அமைக்கலாம்.

பழைய பதிப்பிற்கே திரும்பலாமா?

"பழைய ஆபீசையே போட்டுக் கொடுங்கள்" என்று கடைக்காரரிடம் கேட்பவர்கள் உண்டு. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆபீஸ் 2003க்கான பாதுகாப்பு 2014 ஏப்ரலிலும், ஆபீஸ் 2007க்கானது 2017 அக்டோபரிலும் நிறுத்தப்பட்டுவிட்டது. இதன் பின் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க பைல் எதுவும் வராது. யாரோ காப்பி செய்து தரும் தொகுப்பு என்றால், அதனோடு வைரஸும் இலவசமாக வரலாம். இப்போது வங்கிக் கணக்கையும் இதே கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மெனுதான் வேண்டும் என்பவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. இலவசம், காப்பி செய்த தொகுப்பு என்ற அச்சமும் இல்லை. பழைய முறையில் மெனுவும் டூல் பாரும் கிடைக்கும். வியூ மெனுவில் யூசர் இன்டர்பேஸ் சென்று, விரும்பினால் டேப் முறைக்கும் மாறலாம். வேர்ட் பைல்களை இது திறக்கும். ஆனால் அட்டவணையும் படமும் நிறைந்த பைல்களில் அமைப்பு சற்று நகரலாம். அனுப்பும் முன் ஒரு முறை சரி பார்த்துவிடுங்கள்.

தினமும் செய்யும் வேலைகளில் பத்தை மட்டும் எழுதிக்கொண்டு, நாளுக்கு இரண்டாகத் தேடிப் பழகிப் பாருங்கள். ஒரே வாரத்தில் பத்தும் முடிந்துவிடும். நாளை வேறு வடிவில் புதிய பதிப்பு வந்தாலும் இதே வழி கை கொடுக்கும்.