பூட்டிய வட்டு மெதுவானால்

மட்டக்களப்பு நகரிலோ களுவாஞ்சிக்குடியிலோ பாமசி, தனியார் மருத்துவ நிலையம், கூட்டுறவுச் சங்கம் என்று எங்கே போனாலும் மேசையில் ஒரு கணினி இருக்கும். நம் பெயர், நோய், கடன் எல்லாம் அதற்குள். அதை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் வாசிக்க முடியாதபடி வட்டை மறைகுறியாக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த வழியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் செய்த மறுநாளே “தேடினா வர நேரமாகுது” என்று முறைப்பாடு வரும். உடனே பூட்டைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றவே கூடாது, தாமதம் எங்கே என்று முதலில் அளக்க வேண்டும்.

இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் தரவுத்தளம் வட்டைப் பக்கம் பக்கமாக வாசிக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் ஒரு பக்கம் 8 கிலோபைட். இன்டெல் 2010 முதல் சிப்பிலேயே ஏஈஎஸ் என்ற மறைகுறியாக்க முறைக்கெனத் தனிக் கட்டளைகளை வைக்கத் தொடங்கியது; அவை இருந்தால் ஒரு பக்கத்தை அவிழ்க்கச் சில மைக்ரோ விநாடி போதும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டிலோ, வேண்டிய இடம் வாசிப்புத் தலைக்கு நேரே சுழன்று வரவே சராசரியாக 4 மில்லி விநாடி ஆகும். ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! அங்கே குற்றவாளி பெரும்பாலும் இன்டெக்ஸ் இல்லாத அட்டவணை, அல்லது போதாத நினைவகம். போஸ்ட்கிரெஸ் தன் பக்கங்களை வைத்திருக்க இயல்பாக ஒதுக்குவது 128 மெகாபைட்தான்; பலர் அதை மாற்றுவதே இல்லை. நினைவகத்தில் இருக்கும் பக்கம் ஏற்கெனவே அவிழ்த்தது, அதற்கு மறுபடி செலவில்லை.

எஸ்எஸ்டி வட்டில் கதை வேறு. கிளவுட்ஃப்ளேர் நிறுவனப் பொறியியலாளர் இக்னாட் கோர்ச்சகின் 2020இல் இந்தத் தாமதத்தைத் துருவிப் பார்த்தார். சிப் விரைவாகத்தான் அவிழ்த்தது. ஆனால் லினக்ஸில் வட்டை மறைகுறியாக்கும் டிஎம்-கிரிப்ட் ஒவ்வொரு கோரிக்கையையும் வரிசைக்கு மேல் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தது. குருமண்வெளித் துறையில் படகுக்கு நிற்பவர்களுக்குப் போல, கடப்பதைவிடக் காத்திருப்பதே நீண்டது. சுழலும் வட்டுக் காலத்தில் அந்த வரிசைகளுக்குப் பயன் இருந்தது. அவற்றைத் தவிர்க்கும் தெரிவு அதே ஆண்டு லினக்ஸ் 5.9இல் சேர்ந்தது.

ஆகவே லினக்ஸில் முதலில் ‘கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க்’ கட்டளையை ஓட்டுங்கள். விநாடிக்கு ஆயிரம் மெகாபைட்டுக்கு மேல் காட்டினால் அவிழ்ப்பதில் குறையில்லை. வரிசையையும் இன்டெக்ஸையும் பாருங்கள். சில நூறுக்குள் நின்றால் சிப்பின் ஏஈஎஸ் கட்டளை வேலை செய்யவில்லை என்று சந்தேகியுங்கள். மெய்நிகர் கணினி என்றால், அதன் அமைப்பே அந்த வசதியை மறைத்திருக்கலாம்.